மெயின் இறக்கும் கடை

ஷமீமாவுக்குக் காலையில் வரும் முதல் போன் முத்தாயியுடையதுதான். கூடப் பிறந்தவர்கள்கூட அவளை அத்தனை ஒழுங்காகக் கூப்பிட்டதில்லை. ஆங் மோ கியோவில் ரயிலுக்குள் உடம்பைத் திணித்து, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடைத்து, அப்பாடா என்று அவள் மூச்சு விடும் நேரம் பார்த்துக் கைப்பை அதிரும்.

"ஷமீமா, இன்னைக்கும் தொறக்க மாட்டேங்குதும்மா."

"சாப்பிட்டீங்களாக்கா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சுக்கா. அடியில தெரியுற நம்பரைப் படிங்க."

முத்தாயி படிப்பார். ஃபோர் டி லாட்டரிக் குலுக்கலில் விழுந்த எண்ணைப் படிப்பதுபோல ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, நடுவில் வரும் புள்ளியையும் விடாமல் "புள்ளி" என்று சொல்லிப் படிப்பார். ஷமீமா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அடுத்த ஆளின் முழங்கை விலாவில் இடிக்க இடிக்க, ஒற்றை விரலால் அந்த எண்ணை ஏற்றுவாள். அடுத்த ஸ்டேஷன் பீஷான் வருவதற்குள் வேலை முடியும். "தொறந்துருச்சும்மா, நல்லாயிரு" என்று முத்தாயி போனை வைத்துவிடுவார். ஏழெட்டு வருஷமாக இதே கதைதான். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் இது நடந்தது. மகள் அஃப்னாவின் நிக்காஹ் அன்று மருதாணி காயாத கையோடும் நடந்தது.

திறக்காமல் அடம்பிடிப்பது கடைக் கதவு அல்ல, கம்ப்யூட்டரில் இருக்கும் சாப்பாட்டு மென்பொருள்.

முத்தாயி கேட்டரிங்கின் அலுவலகம் தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, சுவரில் முருகன் படம். சமையல் இங்கே இல்லை. அது தீவின் மேற்குக் கோடியில், துவாஸ் பக்கம். அங்கே அண்டாக்களில் வேகும் சோறும் குழம்பும் பொட்டலங்களாகி, சுற்றியுள்ள ஊழியர் தங்குவிடுதிகளுக்கும் வேலையிடங்களுக்கும் லோரியில் போகும். எந்த விடுதிக்கு எத்தனை சைவம், எத்தனை அசைவம் என்று கம்பெனிக்காரர்கள் காலையில் இந்த அலுவலகத்துக்குத்தான் போன் செய்வார்கள். முத்தாயி அதைத் தட்டச்சு செய்தால், சமையல்கூடத் திரையில் அது தெரிய வேண்டும். இரண்டு இடத்துக்கும் பொதுவாக, அந்தக் கணக்கெல்லாம் இருப்பது வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில். அது இருக்கும் கட்டடத்தை இவர்கள் யாரும் பார்த்ததில்லை. ஆக, பெட்டி இங்கே, சரக்கு வேறெங்கோ. நடுவில் நின்று இரண்டையும் கோத்துவிடுவதுதான் ஷமீமாவின் பிழைப்பு.

அந்தச் சர்வரின் வாசலில் அவளே ஒரு காவலை வைத்திருந்தாள். எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறாய் என்று அது கேட்கும். தெரிந்த முகவரி என்றால் உள்ளே விடும், இல்லையென்றால் மூஞ்சியில் அடித்தாற்போல் சாத்திக்கொள்ளும். துவாஸ் சமையல்கூடத்தால் பிரச்சினையே இல்லை. அங்கே குளிர்பதனப் பெட்டிகள் ஓடுவதால் மின்சாரத்தை அணைப்பதில்லை, முகவரியும் மாறுவதில்லை. தேக்கா அலுவலகம் அப்படி அல்ல. முத்தாயியின் கணவர் மருதப்பன் சாயங்காலம் கடையைச் சாத்தும்போது ஒரு சூடம் கொளுத்துவார், முருகனைக் கும்பிடுவார், மெயின் சுவிட்சைக் கீழே இறக்குவார். விசிறி, விளக்கோடு இணையப் பெட்டியும் செத்துப்போகும். காலையில் அது உயிர்த்தெழும்போது தொலைபேசிக் கம்பெனி அதற்குப் புது முகவரி கொடுத்திருக்கும். காவலுக்கு அந்த முகவரியைத் தெரியாது. உடனே ஷமீமாவுக்குப் போன்.

"அந்தச் சின்னப் பெட்டியை மட்டும் விட்டுட்டு மத்ததை அணைங்கண்ணே" என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! மருதப்பன் "ஆட்டும் தங்கச்சி" என்பார். சாயங்காலம் மெயின் இறங்கும். சுவிட்சின் மேல் சிவப்பு எழுத்தில் 'அணைக்க வேண்டாம்' என்று ஒட்டினாள். மனிதர் அதைக் கிழியாமல் பதமாக உரித்துப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு மெயினை இறக்கினார். கடைசியில் அவள் முத்தாயியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களாவது சொல்லக் கூடாதாக்கா, மெயினை இறக்க வேணாம்னு? பொண்டாட்டி சொன்னா கேட்பாருல்ல?" முத்தாயி ஒன்றும் சொல்லாமல் அவளுக்கு இஞ்சி தட்டிய தே ஆலியா ஊற்றிக் கொடுப்பார். இப்படி ஊமையாக இருந்தே உயிரை வாங்குகிறார்களே என்று ஷமீமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். தேநீர் நன்றாக இருக்கும் என்பதால் குடித்துவிட்டு வந்துவிடுவாள்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருந்தாள். அந்தப் பிரிவையே இன்னொரு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, நன்றிக் கடிதத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு சிராங்கூன் சாலையின் புடவைக் கடை, நகைக் கடை, டியூஷன் சென்டர் என்று அங்கங்கே பிடித்துத் தனியாளாக வேலை பார்த்தாள். எல்லாரும் மரியாதையானவர்கள்தான். ஆனால் எல்லாரும் அவசரத்தில் மட்டுமே அவளை நினைத்தார்கள். எதுவும் நன்றாக ஓடும் நாளில் யாரும் ஷமீமாவைக் கூப்பிட்டு நன்றாக ஓடுகிறது என்று சொன்னதில்லை. இப்போதெல்லாம் தூக்கத்திலும் எண்கள் வருகின்றன. அலுத்துவிட்டது என்று யாரிடம் சொல்வது? சொன்னால் "பிஸினஸ் நல்லா போகுதுன்னு அர்த்தம் லா" என்பார்கள்.

இந்த வருஷம் அவளும் கணவர் காதர் மைதீனும் உம்ரா யாத்திரை போக டிக்கெட் போட்டிருந்தார்கள். இது இரண்டாவது டிக்கெட். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை பெட்டி கட்டி வாசலில் வைத்த நாளில்தான் அந்தச் சர்வருக்குள் எவனோ புகுந்து, எல்லாத் தகவலையும் பூட்டிவிட்டுச் சாவிக்கு விலை கேட்டான். அப்போது வாசலில் காவல் கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து தட்டலாம் என்றிருந்தது. அன்று துவாஸில் எத்தனையோ பேர் கட்டுமான இடங்களில் வெயிலில் காலி வயிற்றோடு லோரிக்காகக் காத்திருந்தார்கள். ஷமீமா பயணத்தை விட்டாள், பழைய பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டாள், காவலையும் வைத்தாள். காதர் மைதீன் யாத்திரைக்கு உடுத்தும் வெள்ளை இஹ்ராம் துணியை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் அவர். நேரத்துக்கு வண்டி எடுப்பது ரத்தத்தில் ஊறியது. இந்தத் தடவை ஒன்றே ஒன்று சொன்னார்.

"கஅபாவுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு நீ நம்பர் ஏத்துறதைப் பார்க்க எனக்கு முடியாது, ஷமீமா. போனை வீட்டுல வைக்கச் சொல்லல. ஆனா அணைச்சிடு. இல்லேன்னா நான் மட்டும் போயிட்டு வரேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவர் கெஞ்சுவதுபோலச் சொன்னார். அதுதான் அவளை உலுக்கியது.

மற்றக் கடைகளையெல்லாம் வங்கியில் கூட வேலை பார்த்த வைதேகியிடம் ஒப்படைத்தாள். முத்தாயி கேட்டரிங் என்றதும் வைதேகி கையெடுத்துக் கும்பிட்டாள். "எவ்ரி மார்னிங்கா? சாரி லா, ஷமீ. அது மட்டும் என்னால முடியாது." முத்தாயிக்கே சொல்லிக்கொடுக்கலாம் என்றால், அதையும் ஒருமுறை செய்து பார்த்தாகிவிட்டது. ஓர் இலக்கம் தவறிப் போய், துவாஸ் சமையல்கூடமும் சேர்ந்து வெளியே நின்றது. வாசலைப் பழையபடி திறந்து போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. மிச்சமிருந்தது ஒரே வழி, அந்தப் பாழாய்ப்போன சுவிட்சை மருதப்பன் இறக்காமல் இருக்க வேண்டும்.

உம்ராவுக்குப் புறப்படுமுன் தெரிந்தவர்களிடமெல்லாம் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்ததைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவது அவர்கள் வழக்கம். ஷமீமாவும் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். கடைக்காரர்கள் எல்லாம் பதிலுக்கு, "எனக்கும் ஒரு துஆ கேளுங்க" என்று பிரார்த்தனை செய்யச் சொன்னார்கள். நகைக் கடைக்காரர் மகன் கல்யாணத்துக்குக் கேட்கச் சொன்னார். புடவைக் கடை அம்மா முழங்காலுக்குக் கேட்கச் சொன்னார். கடைசியாக, பயணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், மருதப்பனின் மாடிப்படி ஏறினாள். பொறுத்துக்கொள்ளச் சொல்வதற்கும் சண்டை போடுவதற்கும் சேர்த்தே தயாராகப் போயிருந்தாள்.

"அண்ணே, அக்கா, நாளைக்கு உம்ராவுக்குப் போறேன். நான் ஏதாவது மனசு நோகப் பேசியிருந்தா பொறுத்துக்குங்க."

"நீ என்னம்மா பேசிட்டே" என்றார் முத்தாயி.

"பேசியிருக்கேன்க்கா. இப்பவும் பேசத்தான் போறேன்." அவள் மருதப்பன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நான் வர்ற வரைக்கும் மெயினை இறக்காதீங்க. உங்க கையைப் பிடிச்சுக் கேட்குறேன். நீங்க இறக்குனா மறுநாள் காலையில புரோகிராம் தொறக்காது. துவாஸ்ல அத்தனை பேருக்குச் சாப்பாடு போகாது. நான் போனை அணைச்சு வைக்கப் போறேன். என் வீட்டுக்காரருக்கு வாக்கு கொடுத்திருக்கேன்."

மருதப்பன் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் அவர் இடம் மாற்றி ஒட்டிய சிவப்பு எழுத்தைப் பார்த்தார்.

"இந்தா, தே வாங்கிட்டு வர்றேன்" என்று எழுந்து படியிறங்கிப் போய்விட்டார்.

"பாருங்கக்கா!" ஷமீமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரு சுவிட்சுக்கா. ஒரு சின்ன சுவிட்சு. நீங்களும் இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறீங்க. நான் என்ன பாவம் பண்ணினேன்?"

முத்தாயி படியில் காலடிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நான் ஒரு தடவ சொல்லியிருக்கேம்மா. முன்னாடி எங்களுக்கு வேற இடத்துல சின்னதா ஒரு கடை. மறுநாள் ஒரு கல்யாண ஆர்டர். ஃபிரீசர் நெறையக் கறி. அவரு எப்பவும் போல மெயினை இறக்கப் போனாரு. நான்தான் சொன்னேன், இறக்காதீங்க, கறி கெட்டுரும்னு. விட்டுட்டு வந்தோம். மேல பரண்ல என் தம்பி படுத்திருந்தான். ஊர்லேருந்து எங்ககூட வேலைக்கு வந்தவன். பழைய வயரு... கடை எரிஞ்சுபோச்சுன்னு விடியறப்ப ஆள் வந்து சொன்னாங்க."

ஷமீமா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி உட்கார்ந்தாள்.

"இன்னைய வரைக்கும் அந்த மனுஷன், நீதானே சொன்னேன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. தன் கையாலதான் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. தெனம் சாயங்காலம் அவரே போய் இறக்குறாரு. நான் எப்படிம்மா, இறக்காதீங்கன்னு இன்னொரு தடவ சொல்லுவேன்? அதான் காலையில உன்னைக் கூப்புடுறேன். உனக்குத் தொந்தரவுதான். தெரியாம இல்ல."

ஷமீமாவுக்கு இருக்கையிலிருந்து எழத் தோன்றவில்லை. 'நீங்களாவது சொல்லக் கூடாதாக்கா' என்று இந்த அம்மாளிடம் எத்தனை தடவை கேட்டாள்! எந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இந்த அம்மாள் ஒரு தம்பியை இழந்தாரோ, அதையே மறுபடி சொல்லச் சொல்லி, அவர் ஊற்றிய தேநீரையும் குடித்துக்கொண்டு, வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஆத்திரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வேறு வழி உண்டு என்பது அவளுக்கு முன்பே தெரியும். முகவரியைப் பார்க்காமல் சாவியைப் பார்த்து உள்ளே விடும்படி அந்தக் காவலை மாற்றலாம். இந்தக் கம்ப்யூட்டர் விழிக்கும்போதே ஒரு ரகசியச் சாவியைச் சர்வரிடம் காட்டி, தனக்கென்று மூடிய வழி ஒன்றைத் திறந்துகொள்ளும். சாப்பாட்டு மென்பொருள் அந்த வழியாகப் போகும். முகவரி தினமும் மாறினாலும் கவலையில்லை. உட்கார்ந்தால் ஒரு பிற்பகல் வேலை. காலையில் ரெண்டு நிமிஷத்தைத் தினமும் கொடுக்க முடிந்தவளுக்கு அந்த ஒரு பிற்பகலைக் கொடுக்க முடிந்ததில்லை. களைப்பு. சுவிட்சை விடுவது சுலபமாயிற்றே என்ற பிடிவாதம் வேறு. அது தனக்கு மட்டுமே சுலபம் என்று இன்றுதான் தெரிந்தது.

மருதப்பன் பையில் கட்டிய தேநீரோடு திரும்பி வந்தபோது ஷமீமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பயணத்துக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியல் கைப்பையில் அப்படியே இருந்தது. காதர் மைதீனுக்கு, 'கொஞ்சம் நேரமாகும், பெட்டியை நீங்களே மூடிடுங்க' என்று செய்தி அனுப்பினாள். 'சரி' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. போன தடவையும் அவர் இப்படித்தான் சரி என்றார்.

வேலை சொன்னபடி கேட்கவில்லை. சாவியைச் சர்வர் ஏற்றுக்கொண்டது, மென்பொருள் ஏற்கவில்லை. அது இன்னும் பழைய இடத்திலேயே போய்த் தட்டிக்கொண்டிருந்தது. அமைப்புகளில் ஓரிடத்தில் மாற்றியிருந்தாள், அதே விவரம் இன்னோரிடத்திலும் இருந்தது. தானே எழுதிய மென்பொருள்தான், தானே மறந்திருந்தாள். முத்தாயி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்த போன்களைத் தாளில் குறித்துக்கொண்டு, அவளுக்குத் தொல்லை இல்லாமல் மூலையில் நின்று பேசினார். இருட்டும் நேரத்தில் ஒருவழியாகத் திரையில் துவாஸ் சமையல்கூடத்தின் கணக்கு விரிந்தது.

"அண்ணே, இப்ப மெயினை இறக்குங்க" என்றாள்.

மருதப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்கிறாளோ என்ற சந்தேகம் அவர் முகத்தில் இருந்தது.

"நெசமாத்தான். தினமும் எப்படி இறக்குவீங்களோ அப்படி."

அவர் போய் இறக்கினார். விசிறி முனகி நின்றது. மூவரும் இருட்டில், புழுக்கத்தில், இணையப் பெட்டியின் சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்கள். கீழே தெருவில் யாரோ பூ விலை கேட்டுச் சண்டை போட்டார்கள். ஷமீமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, நான் அந்தச் சுவிட்சைப் பத்தி ரொம்பப் பேசிட்டேன். பொறுத்துக்குங்க" என்றாள். இந்தத் தடவை அது வழக்கத்துக்குக் கேட்டதல்ல.

மருதப்பன் மனைவியைப் பார்த்தார். மனைவி சேலை முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சொல்லிவிட்டார் என்று மருதப்பனுக்குப் புரிந்துவிட்டது.

"நீ என்ன செய்வே தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

மெயினை ஏற்றியதும் விளக்கு வந்தது, விசிறி வந்தது, கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டு விழித்தது. முத்தாயி மென்பொருளைச் சொடுக்கினார். அது திறந்தது. அடியில் புது எண் தெரிந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

மறுநாள் காலை விமான நிலையத்தில் அஃப்னா கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். பெட்டிகள் உள்ளே போய்விட்டன. காதர் மைதீன் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஷமீமா போனை மடியில் வைத்துக்கொண்டு கண்ணெடுக்காமல் பார்த்தாள். தேக்காவில் இப்போது கடை திறக்கும் நேரம். ஒருமுறை வேலை செய்தது இன்னொருமுறை செய்யும் என்று என்ன நிச்சயம்? அணைத்துவிட்டால் தெரியவே தெரியாது. அணைக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் மனிதரின் முகத்தைப் பார்க்க முடியாது.

போன் அதிர்ந்தது. முத்தாயி.

காதர் மைதீன் திரையைப் பார்த்தார். தஸ்பீஹ் நின்றது. அவர் முகத்தைத் திருப்பிக் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் விமானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"சொல்லுங்கக்கா." அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "தொறக்கலையா?"

"தொறந்துருச்சும்மா! தன்னால தொறந்துருச்சு. நேத்து சாயங்காலம் அவரு நிம்மதியா இறக்கிட்டு வந்தாரு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று சொல்வதற்காக ஒருவர் அவளைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஷமீமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பிளேன் ஏறப் போறே. வைக்கவா?" என்று கேட்ட முத்தாயி வைக்கவில்லை. "ஷமீமா, அங்க எங்க ஆளுங்க பேரெல்லாம் சொல்லலாமா?"

மார்க்கம் சொல்லித்தரும் உஸ்தாஸிடம் கேட்டால் என்ன சொல்வாரோ தெரியாது. ஷமீமா கேட்கப் போவதும் இல்லை.

"சொல்லலாம்கா. படிங்க."

முத்தாயி சொன்னார். எண்ணைப் படிப்பதுபோலத்தான், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு. "அழகர்சாமி." கொஞ்சம் பொறுத்து, "தம்பி பேரை வாய்விட்டுச் சொல்லி ரொம்ப வருஷமாச்சும்மா. வீட்டுல சொல்றதில்ல. அவரு காதுல விழும்" என்றார். "அவருக்கு ராத்திரி தூக்கம் வரணும்னும் கேளு."

"உங்களுக்குக்கா?"

"எனக்கென்ன. கேட்குறதா இருந்தா, நான் சொன்னதைப் பொறுத்துக்கச் சொல்லிக் கேளு."

யார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று முத்தாயி சொல்லவில்லை. ஷமீமாவும் கேட்கவில்லை. "கேட்குறேன்க்கா" என்றாள். வைத்துவிட்டு, பக்கவாட்டுப் பொத்தானைத் திரை கறுக்கும்வரை அழுத்திப் பிடித்தாள்.

"என்னவாம்?" என்றார் காதர் மைதீன், இன்னும் விமானத்தைப் பார்த்தபடி.

"ஒண்ணும் இல்லீங்க. ஒரு பேரு சேர்த்துக்கச் சொன்னாங்க."

அவர் திரும்பி, அவள் கையிலிருந்த கறுத்த போனைப் பார்த்தார். அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வரிசை நகரத் தொடங்கியிருந்தது. ஷமீமா எழுந்து, மறந்துவிடக் கூடாதே என்று அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே அவர் பின்னால் நடந்தாள்.